பெரியம்மா பம்புசெட் ஓட்டிய கோடை

கெட்டுப்போன பால் எப்படி நாறும் என்று உங்களுக்கெல்லாம் தெரியும். கெட்டுப்போன பெட்ரோல் எப்படி நாறும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? கையைத் தூக்க வேண்டாம், நம் வயதில் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். நானே சொல்லிவிடுகிறேன். பழைய கதவுக்கு அடிக்கும் வார்னிஷ் வாசனை, அதோடு கொஞ்சம் புளித்த மாவு.

போன மாதம் எங்கள் குடியிருப்பில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் கிளம்பவில்லை. சங்கச் செயலாளரும் இன்னும் மூன்று பேரும் மாற்றி மாற்றிக் கயிற்றை இழுத்து வியர்த்துக் கொட்டினார்கள். நான் கிட்டே போய் முகர்ந்து பார்த்து, "போன வருஷத்துப் பெட்ரோல் உள்ளேயே நின்றிருக்கிறது, கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவுங்கள்" என்றேன். "ஆன்ட்டி, நீங்க உள்ள போய் ஃபேனுக்குக் கீழே உக்காருங்க" என்றார் செயலாளர். மின்சாரம் இல்லாத வீட்டில் ஃபேனுக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். மறுநாள் மெக்கானிக் வந்து, நான் சொன்னதையே சொல்லி, கூலியும் வாங்கிக்கொண்டு போனான்.

அது கிடக்கட்டும். அந்த நாற்றம் என்னைக் கொண்டுபோய் விட்ட இடத்தைத்தான் சொல்ல வந்தேன். என் பத்தாவது வயது, இரும்புலியூர், பெரியம்மா வீடு.

எங்கள் வீடு தாம்பரத்தில் ரயில் பாதைக்குக் கிழக்கே. அம்மாவின் அக்காவான பெரியம்மாவின் வீடு இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. சாலையை விட்டு உள்ளே தள்ளி. வீட்டுக்குப் பின்னால் ஐம்பது சென்ட் நிலம், ஒரு கிணறு, நிலம் முழுக்க மல்லிகை. பெரியப்பா பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார். பாடம் நடத்திய நேரம் போக மிச்ச நேரமெல்லாம் செடிக்குத்தான். அந்த ஐப்பசி மழையில் நனைந்து வந்தவர் காய்ச்சலென்று படுத்தார், எழுந்திருக்கவில்லை. அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதனால் என்னைப் பெரியம்மாவுக்குத் துணையாக அனுப்பிவைத்தார்கள். பத்து வயதுப் பெண் நாற்பது வயதுப் பெண்ணுக்கு என்ன துணை என்று யாரும் யோசிக்கவில்லை. வீட்டில் இன்னொரு மூச்சு இருந்தால் போதும் என்று நினைத்திருப்பார்கள்.

பெரியம்மா அப்போது அவளாக இல்லை. இரண்டு டம்ளர் காபி ஆற்றுவாள், ஒன்று அப்படியே ஆறிக் கிடக்கும். இடுப்பில் சாவியைச் செருகிக்கொண்டு வீடு முழுக்கச் சாவி தேடுவாள். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போடுவாள், மறுநாள் போடவே மாட்டாள். "என் புத்தி எங்கடி போச்சு?" என்று என்னையே கேட்பாள். நான் உப்பில்லாத குழம்பை நல்லா இருக்கு என்று சொல்லிச் சாப்பிடுவேன்.

இந்தச் சேதியெல்லாம் எப்படியோ பாளையங்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கேதான் பெரிய மாமா, அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் மூத்த அண்ணன். அவர் ஓர் இன்லண்டு லெட்டர் போட்டார். பெரியம்மா அதை வாய்விட்டுப் படித்தாள். தனியாக இருந்து அவளுக்குப் புத்தி கலங்கிக்கொண்டு வருகிறதாம். மே மாதக் கடைசியில் தான் நேரில் வருவாராம். அதற்குள் செடியையும் வீட்டையும் ஒழுங்காக வைத்துக் காட்டினால் சரி. இல்லையென்றால் நிலத்தை மனை போடுகிறவரிடம் கொடுத்துவிட்டு, பாளையங்கோட்டைக்கு வந்து அவர் வீட்டோடு இருந்துவிட வேண்டியது.

மாமா கெட்டவர் இல்லை. தங்கையைத் தெருவில் விடக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அந்த வீட்டில் ஏற்கெனவே அப்படி வந்து சேர்ந்த தூரத்து அத்தை ஒருத்தி இருந்தாள். கிறிஸ்துமஸுக்குப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அடுப்படியில் நின்றபடியே, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, யாராவது கூப்பிடுகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு சாப்பிடுவாள். பெரியம்மா கடிதத்தை மடித்துவிட்டு, "நானும் அங்க போய் நிக்கணுமா?" என்றாள்.  அவள் போனால் எனக்கும் அந்த வீடு இல்லை என்பது மட்டும் தெரிந்தது, அழுகை வந்தது.

மல்லிகைக்குக் கோடைதான் சீசன். மூன்று நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் காட்டாவிட்டால் மொட்டு வைக்காது. கிணற்றுத் தண்ணீரோ பாதாளத்தில். இறைக்க ஒரே வழி பெரியப்பாவின் பம்புசெட்தான். பச்சை வண்ணம் அடித்த சின்ன எஞ்சின், இரண்டு பேர் தூக்கலாம். அதன் தலையில் ஒரு தொட்டி, தொட்டிக்குள் ஒரு தடுப்பு. சின்ன அறையில் பெட்ரோல், பெரிய அறையில் மண்ணெண்ணெய். குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயைத் தொடாது. பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். இதெல்லாம் பெரியப்பா மட்டும் அறிந்த வித்தை. பெரியம்மா அதுவரை அதைத் துடைத்ததுகூடக் கிடையாது.

மாசி முடிந்து வெயில் ஏறியதும் பெரியம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றைச் சுற்றி இழுத்தாள். ஒரு நாள் இழுத்தாள், மறுநாளும் இழுத்தாள். இழுக்கும் முன் ஜெபம் பண்ணினாள், இழுத்த பின் திட்டினாள். எஞ்சின் இருமக்கூட இல்லை. உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தவர்கள் ஆளுக்கொரு வியாதி சொன்னார்கள். பிஸ்டன் போய்விட்டது என்றார் ஒருவர். ஆம்பிளைக் கைக்குத்தான் கிளம்பும் என்றார் இன்னொருவர். அவரைக் கூப்பிட்டு இழுக்கச் சொன்னாள் பெரியம்மா. அவர் கைக்கும் கிளம்பவில்லை.

அப்புறம்தான் பம்மலில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள். பெரியப்பாவிடம் படித்து, பாதியில் நின்றவர். எல்லோரையும் நீ என்றுதான் பேசுவார். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் கிடையாது, அந்தப் பேச்சே அப்படி. எஞ்சினின் வயிற்றில் ஒட்டியிருந்த கிண்ணத்தைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனவர் முகத்தைச் சுளித்தார்.

"இன்னாமா இது? பெட்ரோல் ஊத்துனியா, வார்னிஷ் ஊத்துனியா?"

"அவர் இருந்தப்ப ஊத்தினதுதான் தம்பி. அதுக்கப்பறம் யாரும் தொடல."

"அதான் மேட்டரு. மிஷின் மேல ஒரு தப்பும் இல்ல. இத்தினி மாசம் உள்ளயே தூங்க வுட்டுட்ட. பெட்ரோலு ஆவியா பூட்ச்சு, கோந்து மட்டும் தங்கிக்கினு கீது."

கிண்ணத்தின் அடியில் தேன் நிறத்தில் ஏதோ கெட்டியாக ஒட்டியிருந்தது. அதற்கு மேலே பித்தளையில் ஒரு சின்னத் திருகு, அதன் நடுவில் ஊசிமுனை அளவு துளை. அதன் பெயர் ஜெட். எண்ணெய் அந்த வழியாகத்தான் எஞ்சினுக்குள் போக வேண்டும், அது சுத்தமாக அடைத்துவிட்டது. அடைப்பு என்று கேட்டதும் பெரியம்மா உள்ளே ஓடிப்போய் ஸ்டவ் பின்னைக் கொண்டுவந்தாள். பம்பு ஸ்டவ் வைத்திருந்த வீட்டில் எல்லா அடைப்புக்கும் அதுதானே மருந்து? உங்கள் வீட்டிலும் தகரத்தில் கம்பி செருகிய அந்தப் பின் சுவரில் தொங்கியிருக்கும். இப்போது கடையில் கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

"அய்யே, அத்த மொதல்ல அப்பால வெய்யி!" என்று கத்தினார் மெக்கானிக் அண்ணன். "கம்பி வுட்டு நோண்டுனா ஓட்ட பெர்சாய்டும். அப்பறம் எண்ணெய மொடா மொடாவா குடிக்கும், கரும்பொகையா கக்கும். ஒரே பேஜாரு."

அந்தத் திருகைப் பெட்ரோலில் ஊறப்போட்டார். பழைய பல் பிரஷிலிருந்து ஒரு மயிரைப் பிடுங்கி உள்ளே விட்டு எடுத்தார். வாயால் ஊதினார். வெயிலுக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, "சூரியன் தெரியுது" என்றார். எல்லாவற்றையும் மாட்டி, புதுப் பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பெரியம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியப்பா போன பிறகு அந்தச் சத்தம் அந்த வீட்டில் கேட்கவில்லை, அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

புறப்படுமுன் அவர் பெரியம்மாவுக்குச் சில கட்டளைகள் போட்டார். "நிறுத்தறதுக்கு முன்னால மறுபடியும் பெட்ரோலுக்குத் திருப்பி ரெண்டு நிமிஷம் ஓட வுடு. கிருஷ்ணாயில் உள்ள தங்கிச்சுன்னா அடுத்த தபா ஸ்டார்ட் ஆவாது. மழை வந்து மாசக் கணக்கா வேலை இல்லன்னா, தொட்டிய காலி பண்ணிட்டு, கொழாய மூடிட்டு, அது தானா நிக்கிற வரிக்கும் ஓட வுடு. உள்ள ஒரு சொட்டு தங்கக் கூடாது. அப்பறம் எது ஊத்துனாலும் வட்டி... வடிகட்டி ஊத்து." நாக்குப் புரண்டதற்கு அவரே சிரித்தார்.

அவருடைய ஸ்கூட்டர் நின்ற இடத்தில் மண் நனைந்திருந்தது. பெட்ரோல் டாங்க் கசிகிறதாம். சர்வசாதாரணமாகப் பெரியம்மாவிடம் ஒரு துண்டு சோப்பு கேட்டார். குளியலறையிலிருந்து சிவப்பு சோப்பில் ஒரு விள்ளலைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதைக் கட்டைவிரலால் பிசைந்து கசிவின் மேல் அப்பினார், கசிவு நின்றது. "சோப்பு தண்ணிலதான் கரையும். பெட்ரோல்ல கரையாது. சார் சொல்லிக் குட்த்த பாடத்துல எனக்கு ஞாபகம் கீறது இது ஒண்ணுதான்" என்றார். பெரியம்மா சிரித்தாள். ஐப்பசிக்குப் பிறகு அவள் பல் தெரியச் சிரித்தது அன்றுதான்.

அன்று மாலை அவள் பீரோவைத் திறந்து பெரியப்பாவின் வேட்டி ஒன்றை எடுத்தாள். அவர் துணிகளை அதுவரை யாரையும் தொடவிட்டதில்லை. மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு பல்லால் ஓரத்தைக் கடித்து, சர்ரென்று நான்காகக் கிழித்தாள். "வடிகட்ட நல்ல மெத்துன்னு இருக்கும்" என்றாள். 

அதற்குப் பிறகு எங்கள் கோடை ஒரு தினுசாக நடந்தது. விடியும்போதே மொட்டுப் பறிப்போம். கைப்பிள்ளைக்காரப் பூக்காரி ஒருத்தி வந்து முதல் ரயிலுக்கு வாங்கிக்கொண்டு போவாள். விதவை பூ வைக்கக்கூடாது என்று பெரியம்மாவிடம் சொன்னவர்கள் நிறையப் பேர். பூச்செடி வைக்கக்கூடாது என்று சொல்ல மட்டும் எல்லோரும் மறந்துவிட்டார்கள். நல்ல வேளை.

மண்ணெண்ணெய் வாங்கி வருவது என் பொறுப்பு. லீவு விட்டிருந்ததால் காலையிலேயே தகர டின்னோடு வரிசையில் நின்றுவிடுவேன். முன்னால் நிற்பவரின் டின்னை என் காலால் தள்ளி, என் டின்னைப் பின்னால் நிற்பவர் காலால் தள்ளி, வெயில் உச்சிக்கு வரும்போது ஐந்து லிட்டர் கிடைக்கும். சில நாள் நமக்கு முன்னால் இருப்பவரோடு தீர்ந்துபோகும். அந்த நாளில் மண்ணெண்ணெய் ஒரு சொட்டுச் சிந்தினாலும் எனக்கு உயிர் போகும். கொண்டுவந்த டின்னைப் பெரியம்மா ஒரு நாள் அசைக்காமல் வைப்பாள். தண்ணீரும் மண்ணும் அடியில் தங்கட்டும் என்பாள். மேலாக இருப்பதை மட்டும் வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றுவாள். துணியில் துரு, மணல், ஒரு தடவை ஒரு முழு எறும்பு. கடைசி இரண்டு விரற்கடை எண்ணெயை எஞ்சினுக்குக் காட்டவே மாட்டாள், அது அரிக்கேன் விளக்குக்கு.

எஞ்சின் ஒரு தடவைகூட அவளைக் கைவிடவில்லை. நிறுத்துமுன் பெட்ரோலுக்குத் திருப்புவதை அவள் மறந்ததே இல்லை. குழம்புக்கு உப்பு மறப்பவள் இதை மறக்கவில்லை என்பது அப்போது எனக்கு வேடிக்கையாக இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் இப்போது தங்கள் எஞ்சினுக்கு யோசனை கேட்க இந்தப் பக்கம் வந்தார்கள்.

மே மாதக் கடைசியில் மாமா வருகிறார் என்று கார்டு வந்தது. அவர் வரும் நாளும் தண்ணீர் காட்டும் நாளும் ஒன்றாக அமைந்தது. முந்தின நாள் பெரியம்மா சமையலறையில் பலகாரம் செய்துகொண்டிருந்தாள். எஞ்சினை மாமா பார்த்து அசந்துபோக வேண்டும் என்று நான் ஈரத் துணியோடு போய்த் துடைக்க ஆரம்பித்தேன்.

துடைக்கும்போதுதான் கவனித்தேன். மண்ணெண்ணெய் ஊற்றும் பெரிய மூடியின் நடுவில் குண்டூசித் தலை அளவு ஓர் ஓட்டை. அதைச் சுற்றி வட்டமாக எண்ணெய்க் கறை. எஞ்சின் ஓடும் குலுக்கலில் அந்த வழியாகத் தெறித்திருக்கிறது. என் மண்ணெண்ணெய்! நான் வெயிலில் நின்று, டின்னைக் காலால் தள்ளித் தள்ளி வாங்கிய மண்ணெண்ணெய்! டாங்க் கசிந்தால் என்ன வைத்தியம் என்று எனக்குத்தான் தெரியுமே. ஓடிப்போய்ச் சிவப்பு சோப்பில் ஒரு விள்ளல் எடுத்துவந்தேன். பிசைந்து, அந்த ஓட்டையை மூடியின் மேலேயும் அடியிலும் அடைத்து, மேலே துணியால் வழித்து வழவழப்பாக்கினேன். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பெரியம்மாவிடம் சொல்லவில்லை. எண்ணெய் மிச்சமாவதைப் பார்த்து அவளே ஒரு நாள் ஆச்சரியப்படட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை மாமா வந்தார். கூடவே மனை போடுகிறவரும் வந்தார். அவர் வந்ததும் கிணற்றைப் பார்க்கவில்லை, செடியைப் பார்க்கவில்லை. சாலையிலிருந்து எத்தனை அடி என்று காலால் அளந்துகொண்டு போனார்.

"என்னத்துக்கு இவ்வளவு கஷ்டம் உனக்கு?" என்றார் மாமா. "அண்ணன் ஒருத்தன் இருக்கேன்லா."

"முதல்ல தண்ணி பாயறதைப் பாருங்கண்ணா. அப்புறம் பேசலாம்" என்றாள் பெரியம்மா.

அவள் கயிற்றைச் சுற்றினாள். ஒரே இழுப்பு. மாமாவின் புருவம் மேலே போனது. சூடேறியதும் குழாயை மண்ணெண்ணெய்க்குத் திருப்பினாள். தண்ணீர் வாய்க்காலில் விழுந்து ஓடியது. மாமா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நனைத்துக்கொண்டார். நான் மனதுக்குள் துள்ளினேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். எஞ்சின் திக்கியது, இரண்டு தடவை விக்கியது, நின்றுவிட்டது.

பெரியம்மா மூடியைத் திறந்து பார்த்தாள். எண்ணெய் இருந்தது. மூடி, மறுபடி கிளப்பினாள். ஓடியது. மறுபடி பத்து நிமிஷத்தில் நின்றது. மனைக்காரர் அளப்பதை நிறுத்திவிட்டு வந்து நின்றார்.

"நீ லெட்டர்ல எழுதின அந்த மெக்கானிக் உன்னை நல்லா ஏமாத்திட்டுப் போயிருக்கான்" என்றார் மாமா. "அடைப்பு எடுத்தேன்னு சொல்லி ஒண்ணும் எடுக்கல. ஒரு ஸ்டவ் பின் கொண்டா, நான் பாக்கேன்."

அவர் எஞ்சின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கிண்ணத்தில் கையை வைத்தார். பெரியம்மா நடுவில் போய் நின்றாள்.

"அதைத் தொடாதீங்கண்ணா."

மாமா நிமிர்ந்து பார்த்தார். அவள் பிறந்ததிலிருந்து அவரிடம் அப்படி ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாள். அவள் விலகவில்லை. "அந்தத் தம்பி ஏமாத்தல. ரெண்டு மாசமா ஓடுது. என்னமோ நேத்துக்கும் இன்னைக்கும் நடுவுல மாறியிருக்கு. என்னைக் கொஞ்சம் யோசிக்க விடுங்க."

நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவில். நான் வைத்த சோப்பு எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் கசிவை அடைத்தால் எஞ்சின் ஏன் நிற்க வேண்டும்? எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததால் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவது தடவையும் கிளப்பினாள், மூன்றாவது தடவையும் நின்றது. இப்போது அவள் அவசரப்படவில்லை. காதை மூடியருகே வைத்துக்கொண்டு மெதுவாகத் திருகினாள். உஸ்ஸென்று ஒரு சத்தம், எனக்கே கேட்டது. பெரியம்மா கண்ணை மூடித் திறந்தாள்.

"பால் டின்னுல ஒரு ஓட்டை போட்டா பால் வராது. ரெண்டாவது ஓட்டை போட்டாத்தான் வரும்" என்று தனக்குத்தானே சொன்னாள். "காத்து உள்ள போகலன்னா எண்ணெ கீழ எறங்காது." மூடியைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் சிவப்பாக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தாள்.

நான் கிணற்றோரம் இருந்த எலுமிச்சைச் செடிக்குப் பின்னால் நின்றேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. அந்தச் சோப்பையே வெகுநேரம் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. பிறகு மாமாவைப் பார்த்து, தெளிவாகச் சொன்னாள்.

"நான்தான் அடைச்சிருக்கேன் அண்ணா. சோப்பு வச்சு அடைச்சிருக்கேன்."

மாமாவுக்கு அது போதுமாக இருந்தது. "பார்த்தியா? இதைத்தான் நான் லெட்டர்ல எழுதினேன். எஞ்சினுக்குச் சோப்புப் போடுறவ தனியா இருந்து என்ன பண்ணப்போறா? நாளைக்கு அடுப்பைப் பத்தவச்சிட்டு மறந்துட்டா?" மனைக்காரர் மரியாதையாகச் செடிகளைப் பார்த்தார்.

பெரியம்மா கொண்டையிலிருந்து ஊசியை உருவி அந்த ஓட்டையைச் சுத்தம் பண்ணினாள். மூடியை மாட்டினாள், கயிற்றை இழுத்தாள். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"அடைச்சது நான்தான். ஒத்துக்கறேன். கண்டுபிடிச்சதும் நான்தானே? நடுவுல யாரையும் கூப்பிடலையே! தப்பு பண்ணாதவளாத்தான் இருக்கணும்னா உங்க வீட்லயும் எனக்கு இடம் இல்லண்ணா!"

 பத்து நிமிஷம் போனது, எல்லோரும் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தோம். இருபது நிமிஷமானது. மனைக்காரர் வெயில் ஏறுகிறது என்று சொல்லிக்கொண்டு கிளம்பினார். கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போய்ச் சேரும்வரை மாமா அங்கேயே நின்றார். பெரியம்மா பெட்ரோலுக்குத் திருப்பி, இரண்டு நிமிஷம் விட்டு, நிறுத்தினாள். "சோறு போடு, மூணு மணி வண்டிக்குப் போகணும்" என்றார் மாமா. பிறகு வந்த கடிதங்களில் நிலத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பெரியம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள் என்று புரிந்துகொண்டேன். எல்லாம் கைவிட்டுப் போகிற நேரத்தில், தன் தலையில் போட்டுக்கொண்டு என்னைக் காப்பாற்றினாள் என்று ஒவ்வொரு ஜெபத்திலும் அவளுக்காக ஸ்தோத்திரம் சொன்னேன். கல்யாணமாகிப் போன பிறகும் சொன்னேன். என் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லியே சோறு ஊட்டினேன். நேரில் கேட்டு நன்றி சொல்ல மட்டும் வாய் வரவில்லை. சொன்னால் அந்தப் பொய்யின் அழகு கெட்டுவிடும் என்று ஒரு எண்ணம்.

இரும்புலியூர் வீட்டில்தான் அவள் கடைசிவரை இருந்தாள். கரண்டு மோட்டார் வந்தது, பச்சை எஞ்சின் பழைய இரும்புக்குப் போனது. மல்லிகை பாதியானது, பிறகு கால்வாசியானது. வயதாக ஆக அவளுக்கு ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. எதையும் மூன்று தடவை பார்ப்பாள். கேஸ் மூடினாளா, கதவு பூட்டினாளா, குழாய் அடைத்தாளா, எல்லாம் மூன்று தடவை. வாசல்வரை போனவள் திரும்பி வருவாள். நாங்கள் கேலி செய்வோம். நான்தான் அதிகம் கேலி செய்தவள்.

அவளுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது சொட்டு மருந்து விடப் போயிருந்தேன். கறுப்புக் கண்ணாடியோடு படுத்திருந்தாள். ஏனோ அன்று சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"பெரியம்மா, அன்னைக்கு எனக்காக மாமாகிட்ட பொய் சொன்னீங்களே, அதை நான் மறக்கவே இல்ல."

"என்ன பொய்?"

"சோப்பை நீங்க அடைச்சதா சொன்னீங்களே."

"நான்தானே அடைச்சேன்?"

"இல்ல பெரியம்மா. நான்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கழற்றக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த கண்ணாடியைக் கழற்றினாள். "மறுபடியும் சொல்லு" என்றாள். சொன்னேன். ஓட்டையைச் சுற்றி இருந்த கறை, என் வரிசை, என் மண்ணெண்ணெய், எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான்னுதாண்டி நெனச்சேன்" என்றாள். "அந்தத் தம்பி சோப்பு வச்சதை நானும் பாத்தேன்ல. அப்ப இருந்த நெலமைல என்ன செய்றேன்னு எனக்கே தெரியாது. வச்சிட்டு மறந்துட்டேன்னு நெனச்சேன். அன்னையிலேர்ந்து என் கையை நான் நம்பினதே இல்லடி. எல்லாத்தையும் மூணு வாட்டி பாக்கறேனே, எதுக்குன்னு நெனச்ச?"

எனக்கு எங்கே ஒளிவது என்று தெரியவில்லை. எனக்காகப் பொய் சொன்னாள் என்று நான் கொண்டாடிய அத்தனை வருஷமும், என் மௌனம் அவளைத் தினமும் மூன்று தடவை வாசலிலிருந்து திருப்பிக்கொண்டிருந்தது. அவள் என்னைக் காப்பாற்றவில்லை. அதைவிடப் பெரிய காரியம் செய்திருக்கிறாள். புத்தி பேதலித்தவள் என்று தீர்ப்புச் சொல்ல வந்தவர் முன்னால், ஆமாம் பேதலித்தது என்று உண்மையென நம்பியதைச் சொல்லிவிட்டு, அப்படியும் நான் இங்கேதான் இருப்பேன் என்று நின்றிருக்கிறாள். நான் நன்றி சொன்னது தப்பான காரியத்துக்கு. சொல்ல வேண்டிய நன்றி அப்படியே பாக்கி இருந்தது. அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அவளோ சிரித்தாள். முதலில் மெதுவாக, பிறகு இருமல் வரும்வரை. "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! என் மூளை நல்லாத்தான்டி இருந்திருக்கு! அண்ணன் இல்லாம போயிட்டாரே, சொல்ல முடியலையே!" என்று என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். வலித்தது, சந்தோஷமாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க யார் வந்தாலும் அவள் விடவில்லை. பால்காரர், நர்ஸ், சபைப் போதகர், கேபிள் டி.வி. பையன், எல்லோரையும் உட்காரவைத்து முதலிலிருந்து கதை சொல்வாள். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "இவகிட்டயே கேளுங்க, யாரு வச்சான்னு" என்பாள். நான் கட்டிலருகே வந்து நின்று, "ஆமாம், நான்தான் வச்சேன்" என்று சொல்ல வேண்டும். அப்படிப் பதினொரு பேரிடம் சொன்னேன். நீங்கள் பன்னிரண்டாவது.